பிப்ரவரி வரை காத்திருந்தவர்கள்

இதை எழுதுவது 2025 நவம்பரில்; 21-ம் தேதி வெள்ளிக்கிழமை '120 பஹாதூர்' என்ற இந்திப் படம் வெளியாகிறது. மேஜர் ஷைத்தான் சிங்காக ஃபர்ஹான் அக்தர் நடிக்கிறார். இயக்கம் ரஸ்னீஷ் காய். மேஜரின் மனைவியாக வருபவர் நம் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ராஷி கன்னா. முதல் நாள் காட்சிக்கு நானும் டிக்கெட் எடுத்துவிட்டேன். எனவே 1962-ன் இந்திய-சீனப் போருக்குப் போய் வருவோம்.

தேதியைப் பாருங்கள். 1962-ல் இதே நவம்பர் 21-ம் தேதிதான் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. படம் சொல்லப்போகும் சண்டை நடந்தது அதற்கு மூன்று நாள் முன்பு, 18-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். இன்னும் மூன்று நாள் கழிந்திருந்தால் அந்த மலையில் ஒரு தோட்டாவும் பாய்ந்திருக்காது. ஹரியானா கிராமங்களில் பல பெண்கள் விதவையாகியிருக்கவும் மாட்டார்கள்.

இடம் ரெசாங் லா. 'லா' என்றால் திபெத்திய மொழியில் கணவாய். கிழக்கு லடாக்கில் சுஷூல் என்றொரு சிற்றூர். அதற்குத் தென்கிழக்கே, 16,000 அடிக்கு மேல், காற்று ஓயாமல் அறைகிற மொட்டைப் பாறை. இன்று லே நகரில் விமானம் விட்டு இறங்கும் சுற்றுலாப் பயணியை இரண்டு நாள் எங்கும் அலையாமல் படுத்துக் கிடக்கச் சொல்வார்கள். லே 11,500 அடிதான். அங்கிருந்து இன்னும் 4,500 அடிக்கு மேல் ஏறி, கடப்பாரை பிடித்து, உறைந்த மண்ணில் பதுங்குகுழி தோண்டுவதை நினைத்துப் பாருங்கள். தோண்டியவர்கள் மலைவாசிகளும் அல்லர். ரேவாரி, குர்கான், மகேந்திரகர் பக்கத்துச் சமவெளியில் மாடும் வயலுமாக வளர்ந்த அஹீர் வீட்டுப் பிள்ளைகள். கண்ணனைத் தங்கள் முன்னோனாகக் கொண்டாடுகிறவர்கள். அவர்களுடைய போர் முழக்கமே 'தாதா கிஷன் கீ ஜெய்' என்பதுதான்.

அவர்கள் 13-வது குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. அதுவரை காஷ்மீரில் இருந்த பட்டாலியனை அவசர அவசரமாக லடாக்குக்கு அனுப்பினார்கள். பனிமலைப் பழக்கமும் இல்லை, போதுமான குளிருடையும் இல்லை.

கம்பெனித் தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், வீட்டார் வைத்த பெயரே அதுதான். 1924-ல் ஜோத்பூர் சீமையில் பிறந்த ராஜபுத்திரர். தந்தை ஹேம் சிங்கும் ராணுவ அதிகாரி, முதல் உலகப் போரில் பிரான்ஸில் போரிட்டவர். மகன் ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் குமாவுன் ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டார். நாகா மலையையும் கோவாவையும் பார்த்துவிட்டு வந்தவர். மேஜராகி அரை ஆண்டுகூட ஆகவில்லை.

சுஷூலை விடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு விமானத் தளம் இருந்தது, லேவுக்குப் போகும் பாதையும் இருந்தது. சுஷூல் விழுந்தால் அடுத்த பயம் லேவுக்குத்தான். அக்டோபர் கடைசியில் ஆறு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை ஆன்டனோவ்-12 விமானங்களில் ஏற்றி அந்த உயரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள் என்றால் டெல்லி எவ்வளவு பதறியது என்பது புரியும். பீரங்கிகளும் வந்தன. ஆனால் ரெசாங் லாவுக்கு அவற்றால் காசுக்குப் பயனில்லை. சுஷூலில் நின்ற பீரங்கிக்கும் ரெசாங் லாவுக்கும் நடுவே ஒரு மலைமுகடு. குண்டு அதைத் தாண்டி விழ வேண்டிய இடத்தில் விழாது. அங்கே நின்ற சுமார் 120 பேருக்குக் கையில் இருப்பதுதான் துணை: பழைய .303 துப்பாக்கி, சில லைட் மெஷின் கன்கள், மோர்ட்டார். .303-ல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்பக்கத் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே மரத்துப்போன விரலால் அதைச் செய்வது எப்படியிருக்கும் என்பதை எந்த ராணுவ அறிக்கையும் எழுதுவதில்லை. சினிமாவால் அதைக் காட்ட முடியும். நான் எதிர்பார்க்கும் முதல் காட்சி அதுதான்.

தேவைப்பட்டால் பின்வாங்கலாம் என்று மேலிருந்து சொல்லியும் மேஜரும் ஜவான்களும் மறுத்துவிட்டார்கள் என்று ரெஜிமென்ட்டில் சொல்வார்கள். லேசாகப் பனி விழுந்த இரவு. விடிவதற்கு முன்பே சீனர்கள் மலைச்சரிவின் ஓடை வழியாக ஏறி வந்தார்கள். கம்பெனி தயாராக இருந்தது. சரியான தூரம் வரும்வரை பொறுத்துச் சுட்டதில் முதல் அலை சரிவிலேயே சாய்ந்தது. அடுத்த அலையும் வந்தது, அதுவும் நின்றது. அதன்பின் சீனப் பீரங்கியும் மோர்ட்டாரும் பதுங்குகுழிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி உடைத்தன. அதே நேரத்தில் இன்னொரு படை மலையைச் சுற்றிப் பின்புறமாக வந்துவிட்டது.

ஷைத்தான் சிங் ஒரு காவலரணிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் ஓடிக்கொண்டே இருந்தார். முதலில் கையில் காயம், பிறகு வயிற்றில் மெஷின் கன் சூடு. இரண்டு ஜவான்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லி அதட்டினார். ஒரு பாறையின் மறைவில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

காலை முற்றுவதற்குள் சார்லி கம்பெனி இல்லாமல் போயிற்று. இறந்தவர்கள் 114 பேர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சிலர் சிறைப்பட்டார்கள். மோர்ட்டார் பிரிவின் நாயக் ராம் குமார் யாதவ் உடம்பெல்லாம் காயத்தோடு ஊர்ந்தும் உருண்டும் பட்டாலியன் தலைமையிடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவரைப் போல் பிழைத்து வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை.

படம் இந்த இடத்தில் என்ன செய்யப்போகிறது என்பதில்தான் என் கண். 1962 நவம்பர் நாம் தோற்ற மாதம். வடகிழக்கில் சே லாவும் பொம்டி லாவும் கைவிட்டுப் போயின, படைகள் கலைந்து ஓடின. நாடே தலைகுனிந்திருந்த நேரத்தில், நாலைந்து காயம்பட்ட சிப்பாய்கள் வந்து, எங்கள் கம்பெனி கடைசித் தோட்டாவரை நின்றது, நூற்றுக்கணக்கில் எதிரியை வீழ்த்தினோம் என்றால் யார் காது கொடுப்பார்கள்? கதை கட்டுகிறார்கள் என்றார்கள். ஓடிவந்தவர்கள் என்றும் பேச்சு எழுந்தது. சக வீரர்களின் சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவனிடம், நீ மட்டும் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? ரெசாங் லா பனியில் மூடிக் கிடந்தது, போய்ப் பார்த்து வரவும் வழியில்லை.

1963 பிப்ரவரியில், அந்தப் பக்கம் போன ஒரு லடாக்கி மேய்ப்பர் உறைந்த உடல்களைக் கண்டு வந்து சொன்னார். செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு ஒரு குழு மலையேறியது. மூன்று மாதம் கழித்துப் போனவர்களுக்கு அந்தப் போர்க்களம் நேற்று நடந்ததுபோல் அப்படியே கிடைத்தது. சாவு வந்த நொடியில் எப்படி இருந்தார்களோ அப்படியே உறைந்திருந்தார்கள். துப்பாக்கியைப் பிடித்த கை துப்பாக்கியோடு. மோர்ட்டார்க்காரர் கையில் போடாத குண்டு. மருத்துவ உதவியாளர் தரம்பால் சிங் தஹியா கையில் ஊசியும் கட்டுத்துணியும். ஆயிரம் மோர்ட்டார் குண்டுகளில் ஏழு மட்டுமே மிச்சம் இருந்தன என்று பின்னாளில் 'பரம் வீர்' என்ற நூலில் மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ எழுதினார். மேஜர், விட்டுவிட்டு வந்த அதே பாறையோரம் இருந்தார்.

முதுகில் குண்டு வாங்கியவன் யார், ஓடினவன் யார் என்று தேடியவர்களுக்கு அங்கே விடை இருந்தது. உயிரோடு வந்தவர்கள் சொல்லி எடுபடாததை இறந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிரூபித்தார்கள். 96 உடல்கள் மீட்கப்பட்டன. ஷைத்தான் சிங்கின் உடல் ஜோத்பூருக்குப் போயிற்று. மற்றவர்களுக்கு சுஷூலிலேயே ராணுவ மரியாதையுடன் தீ மூட்டினார்கள். மேஜருக்குப் பரம்வீர் சக்ரா. அந்தப் போரில் அந்த விருது பெற்றவர்கள் மூன்றே பேர். கம்பெனிக்கு எட்டு வீர் சக்ராக்கள் வந்தன. துப்பாக்கி எடுக்காத தரம்பால் சிங்கும் அந்த எட்டில் ஒருவர்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். படத்தின் விளம்பரம் 120 பேர் எதிர் 3,000 பேர் என்கிறது. சீனர்கள் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது நம் பக்கத்துக் கணக்கு. சீனா தன் அரசுக் கணக்கில், போர் முழுவதற்குமே, எல்லா முனைகளையும் சேர்த்து, 722 பேர் இறந்ததாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. சீனக் கணக்கை அப்படியே வேதமாக எடுக்க வேண்டியதில்லை. அதேபோல், நம் எண்ணைக் குறைத்துவிட்டால் வீரம் குறைந்துவிடும் என்ற பதற்றமும் எனக்கில்லை. தீர்ந்துபோன மோர்ட்டார் குண்டுகளே போதுமான சான்று. ஒரு ஜவான் நூறு பேரைச் சாய்க்கிற காட்சி வந்தால் நான் நெளிவேன். லான்ஸ் நாயக் சிங் ராம் ஒரு மல்யுத்த வீரர், தோட்டா தீர்ந்தபின் வெறுங்கையோடு பாய்ந்தவர் என்று சொல்வார்கள். அதை எடுத்தால் சண்டைப் பயிற்சியாளரின் கயிறு தெரியாமல் எடுக்கட்டும்.

இன்னொரு சச்சரவும் உண்டு. 'அஹீர்' என்ற பெயர் தலைப்பில் இல்லையே என்று ஹரியானாவில் ஆர்ப்பாட்டம் நடந்தது, நீதிமன்றம் வரை போனார்கள். சாதிப் பெயரைத் தலைப்பில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களுடைய ஆதங்கத்தில் நியாயம் உண்டு. தலைப்பு 120 பேர் என்கிறது, போஸ்டரில் பெரிதாய்த் தெரிவது ஒருவர் முகம். ஜமேதார் சூர்ஜா, ஜமேதார் ஹரி ராம், ஜமேதார் ராம் சந்தர் என்ற மூன்று பிளாட்டூன் தலைவர்களுக்கும் படத்தில் முகமும் பேச்சும் கிடைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

1962-ஐ நம் சினிமா தொடாமல் இல்லை. தமிழில் அடுத்த ஆண்டே, 1963-ல், சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'ரத்தத் திலகம்' வந்துவிட்டது. கண்ணதாசனின் கை அதில் பெரிது. போரின் சூடு ஆறுமுன் வந்த படம், காதலும் தேசமும் கலந்த பாசமலர்க் காலத்துப் படம், அதற்கேற்ற குறை நிறைகளோடு இருக்கும். 1964-ல் சேத்தன் ஆனந்த் இந்தியில் 'ஹகீகத்' எடுத்தார். கறுப்பு வெள்ளையில் லடாக்கின் வெறுமையைத் திரைக்குக் கொண்டுவந்த படம். தோல்வியைத் தோல்வியாகக் காட்டிய துணிச்சல் அதற்கு இருந்தது. ரெசாங் லாவின் நிழலும் அதில் விழுந்திருக்கிறது. அறுபது ஆண்டு கழித்து வரும் படத்துக்கு வண்ணமும் கணினி வித்தையும் துணை இருக்கின்றன. கார்கிலை வைத்து 'லக்ஷ்யா'வை இயக்கிய ஃபர்ஹானுக்கு லடாக் புதிதும் அல்ல. துணிச்சல் எந்தப் பக்கம் என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். குளிருடை இல்லாமல் அனுப்பியது யார், பீரங்கி எட்டாத இடத்தில் கம்பெனியை நிறுத்தியது யார், பிழைத்து வந்தவனைப் பொய்யன் என்றது யார் என்று படம் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவேன். எல்லாப் பழியையும் சீனன் தலையில் கட்டிவிட்டுக் கொடியை அசைத்து முடித்தால், பாப்கார்னோடு வந்த வழியே திரும்புவேன்.

சுஷூல் நினைவுச் சின்னத்தில் ஆங்கிலக் கவிதை வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுதியவர் மெக்காலே, நம் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவந்த அதே மெக்காலே. பண்டைய ரோமில் பாலம் காத்த வீரனைப் பாடிய கவிதை அது. ரேவாரி விவசாயி மகனின் நினைவுக்கு அவர் வரிதான் கிடைத்ததா என்று எனக்கு எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு.

அந்த நினைவுச் சின்னம் புதுப்பிக்கப்பட்டு, 2021 நவம்பர் 18 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்து வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நம் ராணுவம் ரெசாங் லா உள்ளிட்ட உயரங்களில் ஏறி நின்றதும், 2021 பிப்ரவரியில் இந்தியா, சீனா இரு தரப்பும் பின்வாங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பின்வாங்கியபோது இடையில் ஆளில்லாப் பகுதி ஒன்று வகுக்கப்பட்டது. மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல் கிடைத்த இடத்தில் ஒரு சிறிய நினைவுச் சின்னம் இருந்தது. அது அந்தப் பகுதிக்குள் போய்விட்டதால் அகற்றப்பட்டுவிட்டது என்று லடாக் மலை மன்றத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் 2023 டிசம்பரில் வெளியே சொன்னார்.