கழிவுப்பாகு போன வழி

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் மூன்றும் அடுக்காகத் தெரியும். கொள்ளிடத்துக்கு அப்பால், லால்குடி வட்டத்துக் காட்டூரில் கோத்தாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்து சர்க்கரை, சக்கையை எரித்து மின்சாரம், மிஞ்சும் கழிவுப்பாகில் எரிசாராயம். பங்கில் பெட்ரோலோடு சேர்ந்து வண்டியில் ஏறுகிற எத்தனாலும் இந்த மூன்றாவது சரக்கின் வகைதான்.

கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். தாவரவியலாளர்கள் நியூகினித் தீவைக் காட்டுகிறார்கள். எங்கிருந்து வந்தாலும், பாகைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தது இந்தியாதான். அந்த வித்தை மேற்கே போய், அட்லாண்டிக்கைத் தாண்டி, அடிமைகளின் உழைப்பில் பார்படாஸ் தீவுத் தோட்டங்களை எட்டியபோது தொல்லையும் கூடவே போனது. சர்க்கரை இறங்கிய பிறகு மிஞ்சும் கருத்த பாகை என்ன செய்வது? பன்றிக்குப் போட்டார்கள். புளிக்கவைத்து வடித்தால் தலைக்கேறும் என்று கண்டுகொண்டதும், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ரம் பிறந்துவிட்டது. குப்பைக்கு விலை கிடைத்தது.

ஆனால் பானையில் வடிப்பது நிதானமான வேலை. ஒவ்வொரு ஈடாக இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். நிறுத்தாமல் வடிக்கும் கோபுரக் கலனுக்கு 1830இல் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி. வேடிக்கை என்னவென்றால் அவர் முதலில் சாராயம் காய்ச்சியவரல்ல. அயர்லாந்தில் காய்ச்சுபவர்களைப் பிடித்து வரி வசூலித்த கலால் அதிகாரி. யோசனையும் முழுக்க அவருடையதல்ல. பிரான்சில் செல்லியே புளூமெந்தால், ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டைன் என்று முன்னோடிகள் உண்டு. காஃபி அதைத் திருத்தினார். அயர்லாந்துக்காரர்கள் ருசியில்லை என்று ஒதுக்கியதை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரிக்கொண்டார்கள். இன்றைய ஆலைகளின் உயரமான கோபுரங்களெல்லாம் அந்தக் கலனின் வாரிசுகள்.

எவ்வளவு வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் எத்தனால் ஏறாது. மிச்சத் தண்ணீர் விடாமல் ஒட்டிக்கொள்ளும். பென்சீன் சேர்த்து அதையும் பிரிக்கலாம் என்று 1902இல் சிட்னி யங் காட்டினார். பென்சீனோ புற்றுநோய் தருவது. இப்போது அந்த வேலையைத் தண்ணீரை மட்டும் உறிஞ்சும் சியோலைட் மணிகள் செய்கின்றன.

இதற்கிடையில் அமெரிக்காவில் கரும்பே வேண்டாத ஒரு வழி பிறந்தது. 1930இல் யூனியன் கார்பைடு எத்திலீன் வாயுவிலிருந்து எத்தனால் செய்யத் தொடங்கியது. புளிக்கவைப்பதும் இல்லை, கழிவுநீர்க் குளமும் இல்லை. ஆனால் மூலப்பொருள் பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெயும் எரிவாயுவும். இந்தியாவிலோ கதை தலைகீழ்: உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் ஆலை கழிவுப்பாகு எத்தனாலிலிருந்து எத்திலீனை எடுத்து, பாலியெஸ்டருக்கான கிளைகால் செய்தது. ஒரே வேதிவினை, இரண்டு ஊரில் இரண்டு திசையில் ஓடியது.

நம்மூரில் கழிவுப்பாகு பெருகியதற்கு 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் காரணம். ஆலைகள் முளைத்தன, பாகும் குவிந்தது. அதைப் பெட்ரோலில் கலக்க வழிசெய்யும் சட்டத்தை மத்திய அரசு 1948இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கும் வந்தது! குடிக்கக் கூடாத சரக்கு, எரிக்கலாம். ஆனால் மலிவான பெட்ரோலுக்கு முன் அந்தக் கலப்பு எடுபடவில்லை. மீண்டும் 5 சதவீதமாக அது தலைகாட்ட 2003 ஆனது. 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டது.

கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. ஒரு லிட்டர் எரிசாராயம் இறங்கினால் எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கறுத்த கழிவுநீர் மிஞ்சும். ஆலைக்காரர்கள் 'ஸ்பென்ட் வாஷ்' என்பார்கள். ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு முட்டும்; அவ்வளவு உயிர்வாயுவை அது உறிஞ்சிவிடும். ஒரு குப்பையை விற்றுத் தீர்க்கப்போய் அதைவிடப் பெரிய குப்பையை உண்டாக்கிக்கொண்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அதற்கும் வழி பிறந்தது. முதலில் அதிலிருந்து மீத்தேன் எடுத்தார்கள், பிறகு ஆலைக் கசடோடு கலந்து உரமாக்கினார்கள். இப்போது சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். சாம்பலில் பொட்டாஷ் கிடைக்கிறது. பொட்டாஷுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் நாடு, 2021இல் இதற்கும் உர மானியம் அறிவித்தது.

தண்ணீர்க் கணக்குக்குத்தான் இப்படி மாற்று கிடைக்கவில்லை. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் பாசனத்தில் இது சின்ன எண்ணல்ல. அதனால் இப்போது ஆலைகளின் கண் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் மக்காச்சோளத்தின் மேல். தமிழ்நாட்டில் அது அதிகம் விளையும் இடங்களில் ஒன்று, பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்த பெரம்பலூர். அந்தச் சோளத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. எத்தனால் ஆலை கேட்கக் கேட்க, தீவன விலையும் கூடவே ஏறும்.