தீயிட்டுக் கொளுத்திய சந்தை

1560களின் பிற்பகுதியில் வெனிஸ் நகரத்து வியாபாரி செசாரே ஃபெதரிச்சி வங்காளத்து ஆறொன்றில் படகில் போய்க்கொண்டிருந்தார். வழியில் பேத்தோர் என்ற இடத்தில் பெரிய ஊர் ஒன்று இருந்தது. எல்லாம் வைக்கோல் குடிசைகள், ஆனால் கடைகளில் சரக்குக்குக் குறைவில்லை. கரையோரம் வரிசையாகக் கப்பல்கள், எங்கு பார்த்தாலும் ஜனத்திரள். வியந்தபடியே மேலே போனவர், வேலை முடிந்து திரும்பும்போது அதே இடத்தில் ஊரைக் காணவில்லை. கருகிய தரைதான் இருந்தது. கொள்ளையர் வரவில்லை, படையெடுப்பும் நடக்கவில்லை. கப்பல்கள் கிளம்பிய கையோடு கடைக்காரர்களே தங்கள் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்டுதோறும் கட்டுவார்களாம், ஆண்டுதோறும் கொளுத்துவார்களாம்.

நிரந்தரமாக ஓர் ஊரைக் கட்டிக்கொள்ள அந்த வியாபாரிகளிடம் பணம் இல்லாமலா? பணம் இருந்தது. ஆற்றின் மீதுதான் நம்பிக்கை இல்லை.

அவர்களுடைய சொந்தத் துறைமுகம் பேத்தோருக்கு வடக்கே வெகுதூரத்தில் இருந்த சப்தகிராமம். சாத்காவ் என்றும் சொல்வார்கள். அரிசி, துணி, அரக்கு, சர்க்கரை, திப்பிலி என்று ஆண்டுக்கு முப்பது, முப்பத்தைந்து கப்பல்கள் அங்கே சரக்கேற்றியதாக ஃபெதரிச்சியே எழுதி வைத்திருக்கிறார். திரிவேணி என்ற இடத்தில் கங்கையின் மேற்குக் கிளையான பாகீரதி மூன்றாகப் பிரிந்தது. அதில் சரஸ்வதி என்ற கிளையின் கரையில்தான் சப்தகிராமம் செழித்தது. வங்காளத்துக்கு வந்த போர்த்துகீசியர்கள் சிட்டகாங்கைப் பெரிய துறைமுகம் என்றும் இதைச் சிறிய துறைமுகம் என்றும் அழைத்தார்கள். சிறியது என்றாலும் கஜானா நிறைந்த இடம். அந்தக் கஜானாவின் சாவி வெகு தொலைவு மேலே கங்கையின் கையில் இருந்தது.

கங்கை இமயத்திலிருந்து அள்ளிவரும் வண்டல் கொஞ்சநஞ்சமல்ல. டெல்டாவின் சமவெளிக்கு வந்ததும் வேகம் குறையும், வண்டல் அடியில் படியும், ஆற்றுப்படுகை உயரும். ஒரு கட்டத்தில் ஆறு ஓடும் வாய்க்கால் சுற்றியுள்ள நிலத்தைவிட மேடாகிவிடும். பிறகென்ன, தண்ணீர் பள்ளம் தேடிப் போகும். கங்கைக்கு அந்தப் பள்ளம் கிழக்கே கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக, தலைமுறை தலைமுறையாக, நதியின் பெரும்பங்கு நீர் பத்மா என்ற கிழக்குக் கிளைக்குத் திரும்பியது. 16ஆம் நூற்றாண்டில் அந்த இடமாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேற்கே பாகீரதி இளைத்தது. அதிலிருந்து பிரிந்த சரஸ்வதி அதைவிட மோசமாக இளைத்தது. கடலோடிகள் அதன் வாயிலேயே மணல் தட்டி நின்றார்கள்.

இப்படிப் பிறந்ததுதான் அந்த வைக்கோல் ஊர். பேத்தோர்வரைதான் ஆற்றில் போதிய ஆழம் இருந்தது. பெரிய கப்பல்கள் அங்கேயே நங்கூரம் போட்டன. சரக்கு மட்டும் சிறு படகுகளில் மேலே போய் வந்தது. கப்பல் நிற்கும் சில மாதங்களுக்கு மட்டும் ஒரு சந்தை போதும். ஆனால் சரஸ்வதி வருடத்துக்கு வருடம் தூர்ந்துகொண்டே போக, சப்தகிராமத்து வியாபாரிகள் இருப்பதா, கிளம்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய நாள் வந்தது.

பெரும்பாலானோர் புத்திசாலித்தனமான முடிவையே எடுத்தார்கள். ஹூக்ளி என்ற ஊரில் போர்த்துகீசியர்கள் அக்பரின் அனுமதியோடு குடியேறியிருந்தார்கள். அது தண்ணீர் வற்றாத கிளையில் இருந்தது. கூட்டம் அங்கே போனது. 1632இல் ஷாஜகானின் படை போர்த்துகீசியர்களை அடித்து விரட்டி, ஹூக்ளியையே அரசுத் துறைமுகமாக்கியது. சப்தகிராமத்தின் அலுவலகங்களும் அங்கே மாறின. பழைய துறைமுகத்தின் கதை அதோடு முடிந்தது. ஆனால் சேட், பசாக் என்ற துணி வியாபாரக் குடும்பங்கள் சில மட்டும் ஊரார் சிரிக்கும்படியான ஒரு வேலையைச் செய்திருந்தன.

அவர்கள் ஹூக்ளிக்குப் போகவில்லை. பேத்தோருக்கு நேர் எதிரே ஆற்றைக் கடந்து, புலியும் பாம்பும் உலவிய கிழக்குக் கரையில் இறங்கினார்கள். காட்டை வெட்டி கோவிந்தபூர் என்ற கிராமத்தை உண்டாக்கினார்கள். சற்று வடக்கே சுதானுட்டியில் நூலுக்கும் துணிக்கும் ஒரு சந்தை உருவானது. கப்பல் எங்கே நிற்கிறதோ அதற்கு எதிரே வியாபாரி இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எளிய கணக்கு. அந்தக் கணக்கு சரியென்று நிரூபிக்க, பக்கத்து ஊரில் ஒரு கடைத்தெருச் சண்டை நடக்க வேண்டியிருந்தது.

1686இல் ஹூக்ளி பஜாரில் மூன்று ஆங்கிலச் சிப்பாய்களுக்கும் முகலாய ஆட்களுக்கும் கைகலப்பு. அது பீரங்கிச் சண்டையாக முற்ற, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கிருந்த தலைவர் ஜாப் சார்னாக் மூட்டை கட்டினார். ஆற்றில் கீழே வந்து சுதானுட்டியில் ஒதுங்கினார். அங்கிருந்தும் விரட்டப்பட்டு ஹிஜ்லி என்ற சதுப்புத் தீவுக்குப் போனார். சில மாதங்களில் காய்ச்சல் அவருடைய ஆட்களில் பாதிப் பேரைக் கொண்டுபோனது. மறுபடி சுதானுட்டி. குடிசை போட்டு மூச்சு விடுவதற்குள் கம்பெனி அனுப்பிய கேப்டன் ஹீத் வந்து சேர்ந்தார். சிட்டகாங்கைப் பிடிக்கலாம் என்று எல்லோரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், அதைப் பிடிக்காமல், 1689 மார்ச்சில் சென்னைக் கடற்கரையில் கொண்டுவந்து இறக்கினார்.

ஒரு வருடத்துக்கு மேல் சார்னாக் ஜார்ஜ் கோட்டையில் வேலையற்று உட்கார்ந்திருந்தார். இந்தியத் தாய்க்குப் பிறந்த அவருடைய மூன்று மகள்களுக்கும் அந்தக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் 1689 ஆகஸ்டில் ஞானஸ்நானம் நடந்தது. வங்காளத்து விவகாரம் முடிந்துபோனதாகவே பலரும் நினைத்தார்கள். அப்போது வங்காளத்தின் புதிய நவாப் இப்ராஹிம் கானிடமிருந்து அழைப்பு வந்தது.

திரும்பிப் போனவர் பழைய ஹூக்ளிக்குப் போகவில்லை. 1690 ஆகஸ்ட் 24 அன்று, கொட்டும் மழையில், மூன்றாவது முறையாக அதே சுதானுட்டியில் கால்வைத்தார். கரையை ஒட்டியே கப்பல் நிற்கும் ஆழம். முகலாயக் குதிரைப்படை மேற்கிலிருந்து வருவதானால் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். கிழக்கே உப்பு ஏரிகளும் சதுப்பும் காவல். எல்லாவற்றுக்கும் மேலாக, துணி விற்க சேட்களும் பசாக்குகளும் ஏற்கெனவே அங்கே கடை விரித்திருந்தார்கள். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, சார்னாக் இறந்துபோனார். 1698இல் கம்பெனி 1,300 ரூபாய் கொடுத்து சவர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடமிருந்து மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமையை வாங்கியது. ஒன்று சுதானுட்டி, மற்றொன்று கோவிந்தபூர். இரண்டுக்கும் நடுவே இருந்த மூன்றாவது கிராமம் அப்போது பெரிதாக யாரும் பேசாத ஒன்று.

அதன் பெயர் கலிகத்தா. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக 1911 வரை கோலோச்சிய கல்கத்தா, இன்றைய கொல்கத்தா, அப்படித்தான் உருவானது.

சார்னாக்தான் நகரத்தின் தந்தை என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. அவருக்கு முன்பே ஊரும் சந்தையும் இருந்தன என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் அவரை நிறுவனர் என்று சொல்ல முடியாது, ஆகஸ்ட் 24 பிறந்தநாளும் அல்ல என்றது. நியாயமான தீர்ப்புதான். நதி விலகியிருக்காவிட்டால் சேட்களும் பசாக்குகளும் சப்தகிராமத்திலேயே வசதியாக இருந்திருப்பார்கள், சார்னாக்குக்கு ஒதுங்க ஒரு சந்தைகூடக் கிடைத்திருக்காது. ஆனால் இடத்தைத் தேடிக்கொடுத்த ஆறு அந்த நகரத்தையும் சும்மா விடவில்லை.

பழைய நாட்களில் பாகீரதியின் கீழ்ப்பகுதியான ஹூக்ளி ஆறு காளிகாட் கோயிலை உரசிக்கொண்டு தென்கிழக்கே ஓடிக் கடலைச் சேர்ந்தது. பிறகு அந்த வழியையும் கைவிட்டு, பேத்தோர் வழியாகச் சென்ற சரஸ்வதியின் கீழ்ப்பாதையில் புகுந்துகொண்டது. செத்த கிளைக்கு ஆதிகங்கை என்று பெயர். 1770களில் வில்லியம் டாலி என்ற அதிகாரி அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கி, படகுகளுக்குச் சுங்கம் வசூலித்தார். அவர் பெயரால் டாலிகஞ்ச் வந்தது, அங்கே சினிமா ஸ்டுடியோக்கள் வந்தன, 1932லேயே டாலிவுட் என்ற பெயரும் வந்துவிட்டது. கோடம்பாக்கத்துக்குக் கோலிவுட் என்று பெயர் வைத்ததெல்லாம் அதற்கு வெகு பிற்பாடு. இன்று டாலியின் கால்வாய் சாக்கடையாக நாறுகிறது. அதன் நடுவிலேயே மெட்ரோ ரயிலுக்குத் தூண்களை நட்டிருக்கிறார்கள். புனித நதி என்று கும்பிடும் ஊரில் இதைச் செய்ய எப்படி மனம் வந்ததோ.

சப்தகிராமத்தைக் கொன்ற வண்டல் மெல்ல மெல்லக் கொல்கத்தா துறைமுகத்தையும் நெருங்கியது. பெரிய கப்பல்கள் வரத் தயங்கின. பேத்தோரில் நடந்ததே மறுபடியும் நடந்தது. கடலுக்கு அருகே ஹால்டியாவில் 1970களில் புதிய துறைமுகம் கட்டி, பெரிய கப்பல்களை அங்கேயே நிறுத்தினார்கள். கூடவே நதியோடு நேரடியாக மோதவும் துணிந்தார்கள். கங்கையின் குறுக்கே ஃபராக்காவில் அணை எழுப்பி, கால்வாய் வெட்டி, 1975 முதல் விநாடிக்கு 40,000 கன அடி வரை தண்ணீரைப் பாகீரதிக்குத் திருப்பினார்கள். நதி பத்மாவுக்குக் கொடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கும் முயற்சி அது. பத்மாவோ அதற்குள் வேறொரு நாட்டின் நதியாகியிருந்தது.

கோடைத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று இந்தியாவும் வங்கதேசமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நடத்தி, 1996 டிசம்பர் 12 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் ஆயுள் 30 ஆண்டுகள். 2026 டிசம்பரில் அது முடிகிறது.