சங்கரதாஸ் சுவாமிகள்: வேடம் கலைத்த வாத்தியார்

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று அழைக்கப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தமிழறிந்த தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளையிடம் தொடக்கப் பாடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும். உடுமலை முத்துசாமிக் கவிராயர் உடன் பயின்றவர். வயிற்றுப்பாட்டுக்குச் சில காலம் உப்பு வேலையில் கணக்கு எழுதினார்.

24 வயதில், 1891இல், கணக்கை விட்டு நாடகத்துக்கு வந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபை. சுவாமிகள் சேர்ந்ததோ கூலிக்கு ஆடும் தொழில்முறைக் கம்பெனி. அக்காலத்தில் கூத்தாடி என்ற சொல் வசவாகவே வழங்கியது.

நல்ல உயரம், கனத்த குரல். இரணியன், இராவணன், எமதர்மன், சனீசுவரன் என்று பயங்கர வேடங்களே அவருக்கு வாய்த்தன. அந்தப் பொருத்தமே வினையாகவும் முடிந்தது. சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகப் பாசக்கயிற்றோடு பாய்ந்ததைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், சனீசுவரன் வேடத்தைக் கழுவ விடியுமுன் நீர்த்துறைக்குப் போன அவரைப் பார்த்த பெண்ணொருத்தி அலறி விழுந்து இறந்தாள் என்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தனர். இவற்றில் வளர்ந்த கதை எவ்வளவு இருந்தாலும், அவர் வேடத்தைக் கலைத்ததும் எழுத்துக்கும் பயிற்சிக்கும் திரும்பியதும் உண்மை. நடுவே துறவு பூண்டு திருத்தலங்களைச் சுற்றினார். ‘சுவாமிகள்’ ஒட்டிக்கொண்டது அப்போதுதான். கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளைபோல் வைத்துக்கொண்டு இசையறிவைக் கூர்மையாக்கி, மீண்டும் நாடகத்துக்கு அனுப்பினார்.

அன்றைய கம்பெனிகளில் பாட்டுக்குத்தான் ஏடு இருந்தது. வசனம் அவரவர் வாய்க்கு வந்தபடி. சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், லவகுசா, அபிமன்யு சுந்தரி என நாற்பதுக்கும் மேல். கதைகள் பெரும்பாலும் ஊரறிந்த புராணமும் அம்மானையும்தான். எழுத்தில் வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கும்மியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். கோவலனில் மதுரையை ‘மாபாவியோர்’ வாழும் ஊர் என்று பாடியதற்கு மதுரையிலேயே எதிர்ப்பு எழுந்ததாம். மா, பா, வி என்று சொல்லைப் பிரித்து, மூன்று தேவியரும் குடியிருக்கும் ஊர் என்று பொருள் சொல்லித் தப்பினார் என்பார்கள். புலமையும் சமயோசிதமும் கலந்த ஆள்.

வளர்ந்த நடிகர்களின் குடியும் ஒழுங்கின்மையும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார், பாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பயிற்சி பெற்ற சபை அது. 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. ‘பாய்ஸ் கம்பெனி’ என்று நாடே அறிந்த முறையில் நடந்த சபை அது. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கி, வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் ஏற்றினார்கள். அங்கே சேர்ந்த நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்களில் டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அவருக்கு ஏற்ற பாத்திரம் வேண்டும் என்பதற்காகவே அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார். நான்கு மணி நேர நாடகம். நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள். மாணவனின் குரலையும் உருவத்தையும் அளந்து நாடகம் எழுதியதே அவருடைய பெரிய பலம்.

1921இல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவருக்கு அதைவிடக் கொடிய தண்டனை இருந்திருக்க முடியாது. அந்த நிலையிலும் அவரைக் கம்பெனி தன்னோடு அழைத்துச் சென்றது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மணம் செய்துகொள்ளாதவர்.

எழுதியவற்றில் இன்று கிடைப்பவை பாதிக்கும் குறைவு. கிடைத்தவற்றை உயிரோடு வைத்திருப்பது அச்சகமல்ல, ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ராஜபார்ட் எனும் நாயக வேடக்காரர் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் எனும் நாயகி வேடக்காரர் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்குவார்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் விடிய விடிய ஒரே நாடகத்தை ஆட முடிகிறதென்றால், இருவரும் படித்தது ஒரே வாத்தியாரின் பாடம் என்பதுதான் காரணம். தர்க்கத்தில் அவரவர் சொந்தச் சரக்கைச் சேர்ப்பதும் உண்டு. சுவாமிகள் கட்டுப்படுத்த நினைத்தது அதைத்தான்.