பினாங்கு ஒரு பக்கம், தஞ்சை ஒரு பக்கம்

1954 ஜனவரி 7-ஆம் நாள் நியூயார்க்கில் ஐ.பி.எம். 701 கணினி ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டியது. 250 சொற்களும் 6 விதிகளும்தான் அதன் கைமுதல். துளையட்டையில் வாக்கியங்களைப் பதித்த பெண்ணுக்கு ரஷ்யமொழி அறவே தெரியாது. இன்னும் ஐந்தே ஆண்டுகள், ஒருவேளை மூன்றே ஆண்டுகள் போதும் என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் லியோன் டோஸ்டர்ட் நம்பிக்கையோடு சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் போயின. அமெரிக்க அரசு அமைத்த ஆல்பாக் குழு 1966-இல், இயந்திர மொழிபெயர்ப்பு மனிதரைவிட மெதுவானது, பிழை மிகுந்தது, செலவும் இரட்டிப்பு என்று எழுதிக் கொடுத்தது. அதோடு அங்கே பணம் வற்றிவிட்டது.

கைவிடாதவர்களும் இருந்தார்கள். பிரான்சின் கிரெனோபிள் பல்கலைக்கழகத்தில் பெர்னார் வோக்குவா, சொல்லுக்குச் சொல் மாற்றிவைக்கும் வழியை விட்டு வேறு வழி பிடித்தார். மூல வாக்கியத்தைப் பகுத்து எழுவாய், பயனிலை உறவுகளைக் கிளைப்படமாக்க வேண்டும். அந்தப் படத்தை இலக்கு மொழிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பிறகு அதிலிருந்து புது வாக்கியம் பிறக்க வேண்டும். அவர் குழு உருவாக்கிய அரியான்-78 என்ற மென்பொருள் இந்த மூன்று படிகளில்தான் இயங்கியது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இயந்திர மொழிபெயர்ப்பில் இறங்கியபோது கிரெனோபிளோடுதான் கைகோத்தது.

நம் மலேசியாவுக்கு அப்போது அது அவசரத் தேவை. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழிப் பயிற்றல், வகுப்பு வகுப்பாக ஏறி, 1983-இல் பல்கலைக்கழக வாசலுக்கு வந்துவிட்டது. விரிவுரை மலாயில், அறிவியல் நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். எத்தனை மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தினாலும் ஈடுகட்ட முடியாத வேலை அது. தோங் லூங் சியோங், ஸஹாரின் யூசோப் போன்ற ஆய்வாளர்கள் ஆங்கில–மலாய் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார்கள். 1986-இல் பான் நகரில் நடந்த கணினி மொழியியல் மாநாட்டில் தோங் அதன் ஆய்வுக்கூட மாதிரியை விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே வோக்குவா காலமாகிவிட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. 1988-இல் புடாபெஸ்ட் மாநாட்டில், வாக்கியத்தையும் அதன் கிளைப்படத்தையும் பகுதி பகுதியாகப் பொருத்திக் காட்டும் முறையை, கிரெனோபிளின் கிறிஸ்தியான் புவாத்தேயோடு சேர்ந்து ஸஹாரின் முன்வைத்தார். கருவியை வெளியிலிருந்து வாங்கிவந்து, அந்தத் துறைக்கே புதிதாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்த பல்கலைக்கழகம் அது. இதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சாவூரிலும் ஒரு முயற்சி நடந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் பிறந்தது. 1983–84-இலேயே, துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியத்தின் தலைமையில், ரஷ்ய அறிவியல் நூல்களைக் கணினி வழியாகத் தமிழாக்கும் சோதனைத் திட்டம் தொடங்கிவிட்டது. கே.சி. செல்லமுத்து, கி. அரங்கன் முதலியோர் அதில் உழைத்தனர். ஏன் ரஷ்யமொழி என்று வியக்க வேண்டாம். மாஸ்கோவின் மீர், முன்னேற்றப் பதிப்பக வெளியீடுகளைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைக்குக் காரணம் உடனே விளங்கும். ரஷ்ய–தமிழ் அகராதியைக் கணினிக்கென்று கையாலேயே கட்டினார்கள். தமிழ் எழுத்துக்குப் பொதுவான குறியீடுகூட இல்லாத காலம் அது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இயந்திர மொழிபெயர்ப்பு வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு நம் வீட்டுப் பேச்சே சான்று. 'டி ரூமா சாயா' என்கிறோம் மலாயில். 'டி' என்பது நம் 'இல்' உருபு, 'ரூமா' வீடு, 'சாயா' நான். தமிழில் 'என் வீட்டில்'. மூன்று துண்டுகளும் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பிவிட்டன. அதோடு 'நான்' என்பது 'என்' ஆகிறது. 'வீடு' என்பது 'வீட்டு' ஆகிறது. நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் செய்வதை விதி விதியாக எழுதிக் கணினிக்குப் புகட்ட வேண்டியிருந்தது.

விதி எழுதும் காலம் பின்னர் மலையேறியது. 1990-களில் புள்ளியியல் முறை வந்தது. இன்று நரம்பியல் வலைப்பின்னல் முறை. இவற்றுக்கு வேண்டிய தீனி, ஒரே கருத்து இரு மொழியிலும் எழுதப்பட்ட இணைவாக்கியங்கள். ஆங்கிலத்துக்கு அவை மலைபோல் குவிந்துள்ளன. மலாய்–தமிழ் இணைக்கு யார் சேர்ப்பார்கள்? தமிழ்நாட்டுக்கு அந்தத் தேவை இல்லை. அது நம் வேலை.

அதற்கான பொருள் நம் கையிலேயே கிடக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தமிழில் படிக்கும் கணிதத்தையும் அறிவியலையும், பக்கத்துத் தேசியப்பள்ளிப் பிள்ளைகள் அதே பாடத்திட்டத்தில் மலாயில் படிக்கிறார்கள். அந்த நூல்களை, கல்வி அமைச்சின் அனுமதியோடு, வரிக்கு வரி இணைத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும். அங்கே படிக்கும் மாணவர்களே, உங்கள் பட்டப்படிப்பு ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.