சா ட பண்டெய்ரா: சட்டமும் சொல்லும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்த்துக்கலில் ஐந்து முறை தலைமையமைச்சராக இருந்தவர் சா ட பண்டெய்ரா. 1795இல் சந்தரேம் நகரில் பிறந்த இவர் அடிப்படையில் படைவீரர். 1832இல், உள்நாட்டுப் போரில் முற்றுகைக்குள்ளான போர்ட்டோ நகரைக் காக்கும் சமரில் வலக்கையை இழந்தார். அச்சமர் நிகழ்ந்த மேட்டின் பெயரே பின்னர் அவருடைய பட்டப்பெயராயிற்று. 'பண்டெய்ரா' என்பதற்குக் கொடி என்பது பொருள்.

முதன்முறை தலைமையமைச்சரானபோது, 1836 டிசம்பர் 10ஆம் நாள், போர்த்துக்கீசியக் குடியேற்றங்களிலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்யும் ஆணையை அவர் வெளியிட்டார். ஆணை லிஸ்பனில் பிறந்தது. வணிகமோ ஆப்பிரிக்கக் கரையில் நடந்தது. மொசாம்பிக் ஆளுநர் அவ்வாணையை நிறுத்திவைத்தார். அங்கோலாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. 1839இல் பிரிட்டன், போர்த்துக்கீசிய அடிமைக் கப்பல்களைக் கைப்பற்றத் தானே சட்டம் இயற்றியது. 1842இல்தான் இருநாட்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

வணிகத்தைத் தடுப்பது வேறு. அடிமைமுறையையே ஒழிப்பது வேறு. பின்னதற்கு மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1856ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத் தாயின் குழந்தையைச் சுதந்தரர் என்றது. ஆயினும் இருபது வயதுவரை தாயின் உடைமையாளருக்கு உழைக்கவேண்டும் என்றது. 1858ஆம் ஆண்டு ஆணை, இருபதாண்டுகளில் அடிமைமுறை முடியும் என நாள் குறித்தது. பண்டெய்ரா மீண்டும் தலைமையமைச்சராக இருந்த 1869 பிப்ரவரி 25ஆம் நாள், பேரரசு முழுதும் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் ஒரு சொல்லை உற்றுநோக்கவேண்டும். அந்நாளில் 'அடிமை' என்ற பெயர் நீங்கி, 'லிபர்த்து', அதாவது விடுவிக்கப்பட்டவர், என்ற பெயர் வந்தது. ஆனால் அவ்வாறு விடுவிக்கப்பட்டவர்கள் 1878 ஏப்ரல் 29வரை பழைய உடைமையாளருக்கே உழைக்கக் கடமைப்பட்டிருந்தனர். 1875இல் வந்த சட்டம் இக்காலவரையறையைச் சுருக்கியது. அது நடைமுறைக்கு வருமுன்னரே, 1876 சனவரியில், பண்டெய்ரா மறைந்தார்.

பெயர்மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. அங்கோலாவிலிருந்து சாவோ தொமே தீவின் கொக்கோத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர் 'செர்விசால்', அதாவது ஒப்பந்தப் பணியாளர், எனப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் ஊர் திரும்பவில்லை. 1909இல் பிரிட்டனின் சாக்லெட் நிறுவனங்கள் சில அத்தீவின் கொக்கோவை வாங்க மறுத்தன.

இதனால் பண்டெய்ராவின் பணி சிறுமையுறாது. அவர் முன்னின்று இயற்றிய சட்டங்கள் இல்லையேல், பிற்காலத்தார் மீறலைச் சுட்டிக்காட்டுவதற்கும் அளவுகோல் இருந்திராது. எனினும் வரலாறு கற்பிக்கும் நாம், ஒழிப்பு ஆண்டை மாணவர்க்குச் சொல்லுவதோடு நின்றுவிடலாகாது. சட்டம் வழங்கிய புதிய சொல், அதனைச் சுமந்தவரின் மறுநாள் உழைப்பில் எதை மாற்றிற்று என்பதையும் உடன் வினவக் கற்பித்தல் வேண்டும்.