மருத்துவக் கடன் வசூல் பதிவு (அமெரிக்கா)

அமெரிக்காவில் மருத்துவமனைக் கட்டணம் நெடுநாள் நிலுவையில் நின்றால், மருத்துவமனை அதை வசூல் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கும். அல்லது அடிமாட்டு விலைக்கு விற்றுவிடும். வசூல் நிறுவனம் அதை எக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்தால், நோயாளியின் கடன் அறிக்கையில் ஏறும் குறிப்பே இந்தப் பதிவு. வீட்டுக்கடன், வாகனக்கடன் தருவோரும் பெரும்பாலான வீட்டு உரிமையாளர்களும் இந்த அறிக்கையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மயங்கிக் கிடந்தவரை ஆம்புலன்சில் ஏற்றியதற்கான கட்டணமும், ஆசைப்பட்டு வாங்கிய தொலைக்காட்சியின் பாக்கியும் அங்கே ஒரே வரிசையில் நிற்பது கொடுமை. 2021 ஜூன் நிலவரப்படி இத்தகைய பதிவுகளின் மொத்தத் தொகை 8,800 கோடி டாலர் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் கணக்கிட்டது.

இதன் பிறகு மூன்று நிறுவனங்களும் தாமாகவே விதிகளைத் தளர்த்தின. 2022 ஜூலை முதல், கட்டி முடித்த மருத்துவக் கடன்கள் அறிக்கையிலிருந்து நீக்கப்படுகின்றன. கட்டாத கடனும் ஓராண்டு கழிந்த பிறகே ஏறும். 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் குறைவான பதிவுகள் நீக்கப்பட்டன. இந்த வரம்புகளுக்குள் வரும் பழைய பதிவு இன்னும் அறிக்கையில் இருந்தால், ஆட்சேபம் எழுப்பி நீக்கச் சொல்லலாம்.

பழைய கடனில் பலர் ஏமாறுவது இரண்டு கால அளவுகளை ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான். முதலாவது, பதிவு அறிக்கையில் இருக்கக்கூடிய காலம். 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி அது ஏழு ஆண்டுகள். கணக்கு முதன்முதலில் நிலுவையான நாளுக்கு 180 நாள் கழித்து அந்த ஏழாண்டு தொடங்கும். கடன் எத்தனை கை மாறினாலும் அந்தத் தொடக்கநாள் மாறாது. புதிய வசூல் நிறுவனம் அதைப் பிந்தைய தேதியாக மாற்றிப் பதிந்தால் அது சட்டமீறல்.

இரண்டாவது, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு. இதை மாநிலங்கள் வகுக்கின்றன. பல மாநிலங்களில் மூன்று முதல் ஆறு ஆண்டுகள். தொலைபேசியில் நச்சரிக்கிறார்களே என்று இருபது டாலர் கட்டினாலும், கடன் என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாலும், பல மாநிலங்களில் இந்தக் காலவரம்பு முதலிலிருந்து எண்ணப்படும். ஏழாண்டுக் கணக்கை அது தொடாது. ஆகவே பழைய கடனுக்கு அழைப்பு வந்தால், பணம் பற்றிப் பேசுமுன் நிலுவையான தேதியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1977-ஆம் ஆண்டின் நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டப்படி, வசூல் நிறுவனத்தின் விவர அறிவிப்பு கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனை உறுதிப்படுத்தும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும்.

மூன்று அறிக்கைகளையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் அனுப்பும் ஆட்சேபத்தைப் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். மருத்துவமனையிடம் இனவாரியான பில்லைக் கேட்பதும் அவசியம்: காப்பீட்டுக்கு அனுப்பாமல் நோயாளி தலையில் கட்டிய தொகையோ, இருமுறை எழுதிய கட்டணமோ அதில்தான் தெரியவரும். கடன் உண்மையானது, ஏழாண்டும் முடியவில்லை என்றால் பேரம் பேசிக் குறைத்து, உடன்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுவதே நல்லது. கட்டியதும் பதிவு நீங்கிவிடும்.

மருத்துவக் கடனை அறிக்கையிலிருந்து அடியோடு நீக்கும் விதியைப் பணியகம் 2025 ஜனவரியில் வெளியிட்டது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்து செய்தது. கொலராடோ, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தமக்கென இதற்குச் சட்டம் இயற்றியுள்ளன.

பதிவு நீங்கினாலும் கடன் தீர்ந்ததாகாது. சம்மன் வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலளித்தே ஆக வேண்டும். காலவரம்பு முடிந்த கடன் என்பதை நோயாளியே எடுத்துச் சொல்ல வேண்டும். பேசாதிருந்தால், காலாவதியான கடனுக்கும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வரக்கூடும்.