பதினைந்து வயது விமர்சகர்கள்

2009-ல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், தங்கச்சி பத்தாம் வகுப்பு. செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அவள் தலையணைக்கு அடியில் 'ட்வைலைட்' வரிசையின் நான்காவது நாவல் 'பிரேக்கிங் டான்' கிடந்தது. 700 பக்கத்துக்கு மேல். நான் அப்போது ஹாஸ்டலில் காஃப்காவைப் பாதி புரிந்தும் புரியாமலும் படித்துவிட்டு ஊரையே இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். "ரத்தக்காட்டேரிய லவ் பண்றதெல்லாம் ஒரு கதையா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஓட்டினேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "லவ்வுல என்ன தப்பு? முடிவுலதான் ஏமாத்திட்டாங்க. சண்டை வருது வருதுன்னு அத்தனை பக்கம் சொல்லிட்டு, கடைசில எல்லாரும் நின்னு பேசிட்டுக் கலைஞ்சு போறாங்க."

நான் சிரித்தேன். அதற்கப்புறம் என்ன படிக்கிறாள் என்று என்னிடம் அவள் சொன்னதே இல்லை.

பல வருடம் கழித்து ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே'யைப் படித்தபோதுதான், நான் அடித்த கிண்டலுக்கு இருநூறு வருட வயது என்று தெரிந்தது.

1790-கள். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் என்பவர் மினர்வா பிரஸ் என்ற பதிப்பகத்தை நடத்தினார். பாழடைந்த கோட்டை, நள்ளிரவு மணி, பூட்டிய அறை, நடுவில் ஒரு காதல். இதுதான் சரக்கு. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது அன்று நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சந்தா கட்டி எடுத்துப் படிக்கும் லெண்டிங் லைப்ரரிகள் ஊருக்கு ஊர் இருந்தன. லேனுக்கும் அந்தத் தொழில் உண்டு. 1794-ல் ஆன் ராட்கிளிஃப்பின் 'த மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' வந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த 500 பவுண்டு அந்தக் காலத்தில் பெரிய தொகை.

இளம்பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்ற பிரசங்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஜேம்ஸ் ஃபோர்டைஸ் என்ற பாதிரியார் 1766-லேயே இளம்பெண்களுக்கான பிரசங்கங்களை நூலாகப் போட்டு நாவல்களைத் திட்டினார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'ஸில் காலின்ஸ் அந்தப் புத்தகத்தைத்தான் சத்தமாகப் படிப்பார். மூன்று பக்கம் தாண்டுவதற்குள் குறுக்கே பேசி அவரை நிறுத்துகிறவள் லிடியா. அவளுக்கு வயது 15.

ஆஸ்டினே அப்படிப்பட்ட வாசகிதான். அன்றைய உருகல் கதைகளில் கதாநாயகிகள் எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழுவதைக் கேலி செய்து ஒரு சின்ன நாவலை எழுதியபோது அவருக்கு வயது 14. வெளியே நின்று சிரிப்பவரால் அதை எழுதியிருக்க முடியாது. குவியல் குவியலாகப் படித்துத் தள்ளியவரின் விமர்சனம் அது.

'நார்த்தாங்கர் அபே'யின் நாயகி கேத்ரினுக்கு 17. உடால்ஃபோவில் ஒரு கறுப்புத் திரை வரும்; அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறாள். அவளுடைய தோழி இசபெல்லா அடுத்துப் படிக்க ஏழு திகில் நாவல்களின் பெயர்களை அடுக்குகிறாள். அந்தத் தலைப்புகள் இருக்கிற தினுசைப் பார்த்து, கேலிக்காக ஆஸ்டின் சும்மா ஜோடித்தவை என்றே பிற்காலத்தில் பலர் நினைத்தார்கள். 1920-களில்தான் மைக்கேல் சாட்லியர் போன்றவர்கள் தேடிப்பிடித்து, ஏழும் நிஜப் புத்தகங்கள் என்று காட்டினார்கள். அதில் ஆறு மினர்வா பிரஸ் போட்டவை. கைமாறிக் கைமாறிக் கிழிந்து போன புத்தகங்களை யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்? இரண்டு பெண்கள் ஒரு நாவலுக்குள் பேசிக்கொண்ட லிஸ்ட்தான் அவற்றின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது.

அதிகம் படித்ததால் கேத்ரின் முட்டாளானாள் என்றுதான் இந்த நாவலைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். நள்ளிரவில் அலமாரியைக் குடைந்து அவள் கண்டெடுப்பது வெறும் சலவைக் கணக்கு என்பது உண்மைதான். ஜெனரல் டில்னி மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு அவமானப்படுவதும் உண்மை. ஆனால் அதே டில்னி, அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும், துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் 70 மைல் தூரப் பயணத்துக்கு விடிகாலையில் வெளியேற்றுகிறார். கொலையில்தான் அவள் தப்புக்கணக்கு போட்டாள். ஆளைச் சரியாகவே எடை போட்டிருந்தாள், அதுவும் அந்தத் திகில் கதைகளை வைத்து.

(இந்த நாவலுக்கும் ஒரு கதை உண்டு. 1803-ல் 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அச்சிடவே இல்லை. 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. புத்தகம் வந்தபோது ஆஸ்டின் உயிரோடு இல்லை.)

இனி ட்வைலைட். ஸ்டெஃபனி மேயரின் முதல் நாவல் 2005-ல் வந்தது. 2008 ஆகஸ்ட் 2 அன்று வந்த 'பிரேக்கிங் டான்' அமெரிக்காவில் முதல் நாளே 13 லட்சம் பிரதிகள் விற்றது. பத்திரிகைகள் நள்ளிரவு வரிசையில் நின்று கத்திய பெண்களைப் படம் போட்டன. அடுத்த சில நாட்களில் அதே பெண்கள் செய்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கோபமாகிவிட்டார்கள். அதுவரை பெல்லாவைக் காதலித்த ஜேக்கப்பை, அவளுக்குப் பிறந்த பச்சைக் குழந்தையோடு விதி என்ற பெயரில் முடிச்சுப் போட்டது பிடிக்கவில்லை. மூன்று புத்தகமாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெல்லா எதையும் இழக்காமல் முடித்ததும் பிடிக்கவில்லை. புத்தகத்தை எரிக்காதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு பிரச்சாரமே நடந்தது.

என் வேலையில் ஒரு ஆப்புக்கு யாராவது ஒற்றை ஸ்டார் போட்டு, எந்த இடத்தில் உடைகிறது என்று நாலு வரி எழுதினால் திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைத்தான் முதலில் எடுப்போம். இந்தப் பெண்கள் எழுதியதும் அதேதான்: எந்த இடத்தில், எதனால் உடைகிறது.

2012 நவம்பரில் அந்த நாவலின் கடைசிப் பகுதி படமாக வந்தது. ஆபீஸ் கும்பலோடு சென்னையில் பார்த்தேன். புத்தகத்தில் பேசிக் கலையும் அதே பனிவெளியில், படத்தில் சண்டை வெடிக்கிறது. தலைகள் உருளுகின்றன. பிறகு அத்தனையும் ஆலிஸ் கண்ட எதிர்காலக் காட்சி என்று மடக்கிவிடுகிறார்கள். முடிவு மாறவில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிஜமான சண்டையைக் கொடுத்துவிட்டார்கள். தியேட்டர் அலறியது. எனக்குத் தங்கச்சி ஞாபகம் வந்தது, ஆனால் போன் பண்ணவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம்தான் பண்ணினேன். "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். படத்துல அதைத்தான் சரி பண்ணாங்க" என்றேன்.

"தெரியும்ணா. காலேஜ்ல ரெண்டு தடவ பார்த்தேன்" என்றாள்.

அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறதா, எனக்குப் படிக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பன்னெண்டாவது லீவுல பழைய பேப்பரோட சேர்த்து எடைக்குப் போட்டியே, அதுலதான் போச்சு. நாலுமே."